பந்து விளையாட்டுப் பயிற்சியை எப்படி வரிசைப்படுத்துவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்கல்வி வகுப்பு எடுப்பவர்கள், பள்ளி அணிக்குக் கோச்சாக இருப்பவர்கள், பிள்ளையை மாலையில் மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் ஆகியோர் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. அதே நேரம், அதே பந்து, அதே பிள்ளைகள். எதை எப்போது செய்யவைக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் கற்றல் மாறுமா? மாறும். அதுவும் பலர் எதிர்பார்க்காத திசையில் மாறும்.

பயிற்சி அட்டவணை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு விஷயங்களை. ஒன்று நேரம்: வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், நடுவில் எவ்வளவு இடைவெளி. இன்னொன்று வரிசை: ஒரு வகுப்புக்குள் மூன்று திறன்கள் இருந்தால் எதை முதலில் செய்வது, எப்போது அடுத்ததுக்கு மாறுவது. நேரத்தைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். வரிசையைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு, அது எப்படியோ தானாக அமைந்துவிடுகிறது.

பேட்மிண்டன் சர்வீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஷார்ட் சர்வீஸ் (வலைக்குக் கொஞ்சம் தள்ளி விழுவது), அது முடிந்ததும் 12 லாங் (உயர்ந்து போய்ப் பின்கோட்டருகே விழுவது), அப்புறம் 12 டிரைவ் (தாழ்வாக, வேகமாகப் போவது) என்று போட்டால் அது தொகுதி முறை. ஷார்ட், லாங், டிரைவ், மறுபடி ஷார்ட் என்று சுற்றிவந்தால் சுழல் முறை. அடுத்து எது வரும் என்றே தெரியாமல் கலைத்துப் போட்டால் கலவை முறை. மூன்றிலும் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 36 சர்வீஸ்தான். இந்தப் பக்கம் முழுவதும் இந்த மூன்று பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால்தானே கை பழகும்?

நியாயமான எண்ணம். நம்மில் பலர் அப்படித்தான் கற்றோம், அப்படித்தான் கற்றும் கொடுக்கிறோம். ஆனால் 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் செய்த சோதனை இந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்தது. கையில் ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து, நிறுத்திவைத்த சிறு மரத்தடுப்புகளைச் சொன்ன வரிசையில் வேகமாகத் தட்டிச் சாய்த்துவிட்டு, பந்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும். அப்படி மூன்று வரிசைகள். ஒரு குழு ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பழகும்போது தனித்தனியாகச் செய்தவர்களே வேகமாக இருந்தார்கள். 10 நிமிடம் கழித்தும், 10 நாள் கழித்தும் சோதித்தபோது நிலைமை திரும்பிவிட்டது. கலந்து பழகியவர்கள் முன்னே நின்றார்கள்.

இது ஆய்வுக்கூட வேலை, மைதானத்துக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். 1986இல் குட், மகில் என்ற இரு ஆய்வாளர்கள், பேட்மிண்டனைப் புதிதாகக் கற்கும் மாணவிகளிடம், மேலே சொன்ன அதே மூன்று சர்வீஸ்களை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் வலப்பக்கக் கட்டத்திலிருந்து மட்டும் பழகினார்கள். பயிற்சிக்காலம் முடிந்த பிறகு வைத்த தேர்வில் கலவைக் குழு நன்றாகச் செய்தது. பழகவே பழகாத இடப்பக்கக் கட்டத்திலிருந்து போடச் சொன்னபோதும் அவர்களே முன்னிலை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. ஆட்டத்தில் பந்து நாம் பழகிய இடத்துக்கே வந்து நிற்பதில்லையே.

ஏன் அப்படி நடக்கிறது?

ஊருக்குப் புதிதாக வந்தவரை ஒருவர் கையைப் பிடித்துப் பத்து முறை ஒரே வீட்டுக்குக் கூட்டிப்போனால், பதினோராவது முறை தனியாகப் போகத் தடுமாறுவார். நான்கு முறை மட்டும், அதுவும் நடுவில் வேறு வேறு இடங்களுக்குப் போய்வந்து, ஒவ்வொரு முறையும் வழியைத் தானே யோசித்துப் போயிருந்தால் அந்த வழி மனதில் நின்றுவிடும்.

உடல் அசைவிலும் இதேதான். ஒரே சர்வீஸை வரிசையாகப் போடும்போது, முந்தைய அடியின் திட்டம் இன்னும் சூடாக இருக்கிறது. அதையே கொஞ்சம் திருத்தி மறுபடி ஓட்டினால் போதும். நடுவில் வேறொரு சர்வீஸ் வந்துவிட்டால் அந்தத் திட்டம் மங்கிவிடும். எவ்வளவு விசை, மட்டையின் முகம் எந்தக் கோணம், எங்கே நிற்பது என்பதையெல்லாம் மூளை மறுபடி கட்ட வேண்டும். இப்படித் திரும்பத் திரும்பக் கட்டுவதே பயிற்சி என்பது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கமும் உண்டு. ஷார்ட்டும் லாங்கும் அடுத்தடுத்து வரும்போது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர் தானாக ஒப்பிடுகிறார். அந்த ஒப்பீடு ஒவ்வொன்றையும் தெளிவாகப் பிரித்து வைக்கிறது. என் அனுபவத்தில் இரண்டுமே உண்மை. கலந்து பழகும் பிள்ளைகள் “இதுக்கு மட்டும் மணிக்கட்டு வேற மாதிரி திரும்புது சார்” என்று அவர்களாகவே வந்து சொல்வார்கள்.

கலந்து கொடுத்தால் பிள்ளைகள் தடுமாறுகிறார்களே, நான் தவறாகச் செய்கிறேனோ?

தடுமாறத்தான் செய்வார்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் மனம் மாறிப் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வகுப்பில் கண்ணால் பார்ப்பது செயல்பாடு. அடுத்த வாரம் மிச்சமிருப்பது கற்றல். இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று நினைத்துவிடுகிறோம். தொகுதி முறையில் பத்தாவது பந்துக்குள் எல்லோரும் அழகாக அடிக்கிறார்கள், நமக்கும் திருப்தி, பிள்ளைகளுக்கும் திருப்தி. ஆனால் அந்த அழகில் ஒரு பங்கு அன்றைக்கு மட்டுமே இருக்கும் சூடு.

மாணவர்களுக்கே இது தெரிவதில்லை. 2001இல் சைமன், பியார்க் இருவரும் விசைப்பலகையின் விசைகளை அழுத்தும் ஒரு பயிற்சியை வைத்து, நாளைக்கு எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்று பங்கேற்றவர்களிடமே கேட்டார்கள். தொகுதி முறையில் பழகியவர்கள் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். மறுநாள் அவர்கள் செய்தது அந்த நம்பிக்கைக்கு வெகு தூரம் கீழே. கலவையில் பழகியவர்களே மறுநாள் நன்றாகச் செய்தார்கள். “எனக்கு நல்லா வருது” என்ற உணர்வை நம்பி அட்டவணை போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “இன்றைக்குத் தப்பு அதிகம் வரும். வரட்டும். அடுத்த புதன்கிழமை பார்ப்போம்.” இப்படிச் சொல்லிவைத்தால் அவர்கள் சோர்ந்துபோவதில்லை. சொல்லாமல் கலந்துவிட்டால், கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை “எனக்கு விளையாட்டு வராது” என்று முடிவு கட்டிவிடும். அந்த இழப்பை எந்த அட்டவணையாலும் ஈடுகட்ட முடியாது.

அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே கலந்துவிடலாமா?

வேண்டாம். வாலிபாலைக் கையில் தொட்டே பார்க்காத பிள்ளையிடம் பாஸ், லிஃப்ட் (விரல்களால் பந்தை மேலே தூக்கிக் கொடுப்பது), சர்வீஸ் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டால் அங்கே கற்றல் நடக்காது, குழப்பம்தான் மிஞ்சும். 2004இல் குவாடக்னோலி, லீ இருவரும் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்: கற்பவரின் நிலைக்கும் வேலையின் கடினத்துக்கும் ஏற்றபடி சவாலின் அளவு இருக்க வேண்டும். சவால் குறைந்தாலும் கற்றல் குறையும், மிஞ்சினாலும் குறையும். 2010இல் போர்ட்டர், மகில் இருவரும் கோல்ஃப் பட்டிங்கிலும் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) கூடைப்பந்து பாஸிலும், தொகுதியில் தொடங்கிச் சுழலுக்குப் போய்க் கலவையில் முடிக்கும் ஏறுவரிசையைச் சோதித்தார்கள். தொகுதியிலேயே நின்றவர்களையும் கலவையிலேயே தொடங்கியவர்களையும்விட அப்படிப் படிப்படியாகப் போனவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அசைவின் வடிவம் வந்துவிட்டதா? பந்து போய்ச் சேரும் இடம் தவறலாம், ஆனால் கையும் காலும் சரியான வரிசையில் நகர்கின்றனவா? பத்தில் ஐந்தாறு முறை வந்தால் போதும், மாற்றிவிடுங்கள். பத்துக்குப் பத்து வரட்டும் என்று காத்திருப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அந்தக் காத்திருப்பிலேயே பருவம் முடிந்துவிடுகிறது.

தொகுதி முறை எப்போது நல்லது?

புதிய அசைவின் முதல் சில நிமிடங்களில். காயத்திலிருந்து மீண்டு வருபவருக்கு. ஆழமாக ஊறிப்போன ஒரு பிழையைத் திருத்தும்போது. போட்டிக்கு முந்தைய நாள் நம்பிக்கை வரட்டும் என்று கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

ஒரே திறனைத்தான் கற்றுக்கொடுக்கிறேன், அதில் எதைக் கலப்பது?

தூரம், கோணம், வேகம், உயரம், இலக்கு. ஒரே திறனுக்குள்ளேயே கலப்பதற்கு இவ்வளவு இருக்கிறது.

1978இல் கெர், பூத் என்பவர்கள் சிறுவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. சிறு பையை இலக்கை நோக்கி எறிய வேண்டும். 8 வயதுப் பிள்ளைகளில் ஒரு குழு 3 அடி தூரத்திலிருந்து மட்டும் எறிந்து பழகியது. இன்னொரு குழு 2 அடியிலிருந்தும் 4 அடியிலிருந்தும் பழகியது, 3 அடியிலிருந்து எறியவே இல்லை. கடைசியில் 3 அடியிலிருந்து தேர்வு வைத்தபோது, அங்கே பழகாத குழுவே துல்லியமாக எறிந்தது. ஒரு புள்ளியை மனப்பாடம் செய்யாமல், தூரத்துக்கும் விசைக்கும் உள்ள உறவை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 1975இல் ரிச்சர்ட் ஷ்மிட் முன்வைத்த கோட்பாடும் இதைத்தான் எதிர்பார்த்தது.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான், 15 அடி, அதாவது சுமார் 4.6 மீட்டர். தேர்ந்த வீரர்களைப் பல தூரங்களிலிருந்து எறியச் சொன்னபோது, அந்த 15 அடிப் புள்ளியில் மட்டும் அவர்களின் துல்லியம் மற்ற தூரங்களை வைத்துக் கணித்ததைவிட உயர்ந்து நின்றதை 2005இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் நின்று எறிந்ததன் பலன் அது. எனவே ஆட்டத்திலேயே மாறாத ஒன்றை மாறாமலேயே பழகலாம். ஆனால் அப்போதும் ஐம்பதை ஒரே மூச்சில் எறியவைக்காதீர்கள். ஆட்டத்தில் ஓடி மூச்சு வாங்கும்போதுதான் அந்த இரண்டு எறிகள் வரும். இரண்டு எறியட்டும், ஒரு சுற்று ஓடட்டும், வேறு டிரில் செய்யட்டும், மறுபடி வந்து இரண்டு எறியட்டும்.

வாரம் ஒரே நாளில் நீண்ட பயிற்சியா, பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகவா?

முடிந்தால் பல நாள். பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தபோது ஆலன் பேட்லி, லாங்மன் இருவரும் நான்கு அட்டவணைகளை ஒப்பிட்டார்கள். 1978இல் வெளிவந்த ஆய்வு அது. நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம் பழகியவர்கள் மிகக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களுக்கு மொத்தமாக அதிக நேரம் பிடித்தது. ஆனால் நாட்கணக்கில் பார்த்தால் ஒரு மணி நேரக் குழு மெதுவாக நகர்வதுபோலத் தெரிந்தது, அந்த அட்டவணை தங்களுக்குப் பிடிக்கவில்லை என்றும் அவர்களே அதிகம் சொன்னார்கள். இங்கேயும் அதே முரண்: நல்ல அட்டவணை உள்ளே இருப்பவருக்கு நல்லதாகத் தோன்றுவதில்லை.

பள்ளி நேர அட்டவணை நம் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாரம் இரண்டு வகுப்புதான் என்றால், பாடத்திட்டத்தை விரித்துப் போடுங்கள். இந்த நான்கு வாரம் வாலிபால், அப்புறம் வருடம் முழுக்க அதைத் தொடவே மாட்டோம் என்று வைக்காமல், இரண்டு விளையாட்டுகளை எட்டு வாரத்துக்கு மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மொத்த வகுப்புகள் மாறாது, ஒவ்வொன்றையும் நினைவுபடுத்திக்கொள்ளும் வாய்ப்பு கூடும்.

40 பிள்ளைகள், கொஞ்சமே பந்துகள். இதில் எந்த முறை வேலைக்கு ஆகும்?

முதலில் ஒரு கணக்கு போடுவோம். 40 பேரை இரண்டு வரிசையாக நிறுத்துகிறீர்கள், வரிசைக்கு 20 பேர். ஒருவருக்கு 15 விநாடி என்றால் மறுபடி முறை வர 5 நிமிடம் ஆகும். 30 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 6 முறை. எந்த அட்டவணையாலும் ஆறு தொடுதலில் ஒன்றும் கற்பிக்க முடியாது. அதே 40 பேரை நான்கு பேர் கொண்ட பத்துக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு பந்து கொடுத்து, ஒருவருக்கு 10 விநாடி என்று வைத்தால், 40 விநாடிக்கு ஒருமுறை பந்து கைக்கு வரும். 30 நிமிடத்தில் 45 முறை.

பத்துப் பந்து இல்லையா? அப்போது ஐந்து பந்தை வைத்து இரண்டு வேலைகளாகப் பிரியுங்கள். பாதிப்பேர் பந்தோடு, மீதிப்பேர் பந்தில்லாமல் கால் நகர்வு, குதித்துத் தடுக்கும் அசைவு, இலக்கு எண்ணுதல் என்று செய்யட்டும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். பந்துப் பற்றாக்குறையே உங்களைச் சுழல் முறைக்குக் கொண்டுவந்துவிடும். அதை நான் நல்ல காரியமாகவே பார்க்கிறேன்.

ஒரு மாதிரி வகுப்பைச் சொல்ல முடியுமா?

வாலிபால், 40 நிமிடம், மூன்றாவது வாரம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு அண்டர்ஹேண்ட் பாஸும் லிஃப்ட்டும் வடிவம் வந்துவிட்டன, சர்வீஸ் ஓரளவு வருகிறது.

வார்ம் அப் முடிந்ததும், எந்த விளக்கமும் சொல்லாமல் ஆளுக்கு மூன்று சர்வீஸ் போடவைத்து, எத்தனை உள்ளே விழுந்தது என்று அவர்களையே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அடுத்த 12 நிமிடம் நான்கு பேர் குழுக்கள்: பந்தை எறிபவர் ஒருமுறை தாழ்வாக, ஒருமுறை உயரமாக, ஒருமுறை பக்கவாட்டில் எறிவார். தாழ்வாக வந்தால் பாஸ், உயரமாக வந்தால் லிஃப்ட். எது வரும் என்று வாங்குபவருக்குத் தெரியக் கூடாது. ஆறு பந்துக்கு ஒருமுறை எறிபவர் மாறுவார். பிறகு ஓர் 8 நிமிடம் புதிய விஷயம், ஸ்மாஷுக்கு ஓடிவரும் காலடி. இது புதிது என்பதால் தொகுதியாகவே செய்யலாம். மிச்ச நேரம் சிறிய களத்தில் மூன்றுக்கு மூன்று ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரே ஒரு விதி: மூன்று தொடுதலில் ஒரு லிஃப்ட்டாவது இருந்தால் கூடுதல் புள்ளி.

இதில் எந்த உபகரணமும் கூடுதலாகத் தேவைப்படவில்லை, வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

பேசாமல் ஆட்டமே ஆடவிட்டால் என்ன? அதுதான் இயல்பான கலவை ஆயிற்றே.

நல்ல கேள்வி. 1982இல் டேவிட் பங்கர், ராட் தோர்ப் இருவரும், டிரில்லை முதலில் முடித்துவிட்டு ஆட்டத்துக்குப் போகும் வழக்கத்தையே கேள்வி கேட்டார்கள். ஆட்டத்தைப் புரிந்துகொள்வதிலிருந்து தொடங்கி, தேவை எழும்போது திறனைக் கற்பியுங்கள் என்றார்கள். எனக்கு அதில் பெரிய உடன்பாடு உண்டு. சர்வீஸ் எங்கே போடுவது என்ற முடிவும் திறனில் ஒரு பாதி.

ஆனால் முழு அணி ஆட்டத்தில் பந்து வலுவான நாலைந்து பேரிடமே சுற்றும். மற்றவர்கள் களத்தில் நிற்பார்கள், ஆனால் பந்தைத் தொடமாட்டார்கள். ஆட்டம் வேண்டும் என்றால் சிறிய ஆட்டமாக வையுங்கள், மூன்றுக்கு மூன்று அல்லது நான்குக்கு நான்கு.

கிரிக்கெட்டில் பந்து வீசும் இயந்திரத்தை வைத்துப் பயிற்சி கொடுக்கலாமா?

கொஞ்சம் கொடுக்கலாம், அதையே நம்பக் கூடாது. இயந்திரத்துக்கு ஓடிவரும் காலும் கிடையாது, திரும்பும் மணிக்கட்டும் கிடையாது. பேட்ஸ்மேன் பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே பந்துவீச்சாளரின் உடலைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார். வளரும் வீரர்கள் இயந்திரத்தை ஆடும்போதும் மனிதரை ஆடும்போதும் அவர்களின் கால் நகர்வும் மட்டையைத் தூக்கும் நேரமும் வேறுபட்டதை 2009இல் வந்த ஆய்வு காட்டியது.

வரிசையைப் பற்றிய கணக்கு இங்கேயும் பொருந்தும். 1994இல் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வாரம் இரு முறை, ஆறு வாரம், ஒவ்வொரு முறையும் 45 கூடுதல் பந்துகள்: வேகப்பந்து 15, வளைபந்து 15, வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து 15. ஒரு குழுவுக்கு வகைவகையாக, இன்னொரு குழுவுக்குக் கலந்து. கடைசியில் ஆட்டத்தில் வருவதுபோலக் கலந்து வீசித் தேர்வு வைத்தபோது கலவைக் குழு 57 சதவீதமும், தொகுதிக் குழு 25 சதவீதமும், கூடுதல் பயிற்சியே இல்லாத குழு 6 சதவீதமும் முன்னேறியிருந்தன. இவர்கள் யாரும் புதியவர்கள் அல்ல. ஏற்கெனவே நன்றாக ஆடுபவர்களுக்கும் வரிசை இவ்வளவு செய்கிறது.

நெட் பயிற்சியில் “இன்னும் பத்து கவர் டிரைவ்” என்று ஒரே இடத்தில் பந்தைப் போட்டுக் கொடுப்பவர்கள், அதே பத்தை லென்த் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எதை டிரைவ் செய்வது, எதை விடுவது என்பதையும் அந்தப் பிள்ளை சேர்த்துக் கற்கும்.

ஒவ்வொரு பந்துக்கும் திருத்தம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். 1990இல் வின்ஸ்டீன், ஷ்மிட் செய்த ஆய்வில், ஏறக்குறைய பாதி முயற்சிகளுக்கு மட்டும், அதுவும் போகப் போகக் குறைத்து, முடிவைத் தெரிவித்த குழு பிறகு நன்றாகச் செய்தது. ஒவ்வொரு முறையும் சொன்னால் பிள்ளை தன் உடலைக் கவனிக்காமல் நம் வாயைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றனவா?

இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் கலவை முறையின் பலன் பெரிதாகவும், உண்மையான விளையாட்டு வகுப்புகளில் சிறிதாகவும் தெரிகிறது. சிறு குழந்தைகளிடம் முடிவுகள் இன்னும் கலவையாகவே வருகின்றன. 1997இல் கூடைப்பந்து எறிதலில் செய்த ஓர் ஆய்வில், தொகுதிக்கும் கலவைக்கும் நடுவில், சில எறிகள் ஓர் இடத்திலிருந்து, பிறகு இடம் மாற்றம் என்று பழகிய குழுவே நன்றாகச் செய்தது. நான் பொதுவாகச் சுழல் முறையையும் மூன்று மூன்றாக மாற்றுவதையும் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய அதுதான் எளிது.

மாணவர் உண்மையிலேயே முன்னேறினாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சியின் முடிவில் அளக்காதீர்கள். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில், கை சூடேறும் முன்பு அளந்து பாருங்கள். மாதிரி வகுப்பில் முதலில் மூன்று சர்வீஸ் போடவைத்தது இதற்காகத்தான். போன வாரம் கற்றதில் இன்றைக்கு என்ன மிச்சமிருக்கிறது என்பதை அந்த மூன்று பந்து காட்டும். மூன்று வாரம் எழுதிவந்தால் ஒரு வளைவு தெரியும். இடையிடையே, பழகாத இடத்திலிருந்தும் ஒருமுறை போடச் சொல்லுங்கள். அதில் வரும் எண் குறைவாகத்தான் இருக்கும். அது வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெற்றோர் பார்க்க வரும் நாளில் வகுப்பு ஒழுங்கில்லாமல் தெரிகிறதே?

பந்துகள் நாலாபக்கமும் சிதறி, பிள்ளைகள் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தால் அப்படித் தெரியத்தான் செய்யும். வந்தவர்களிடம் அந்த எழுதிவைத்த தாளைக் காட்டுங்கள். முதல் வாரம் மூன்றில் பூஜ்யம், நான்காம் வாரம் மூன்றில் இரண்டு என்று தன் பிள்ளையின் பெயருக்கு நேரே இருப்பதைப் பார்த்தபின் யாரும் வரிசை நேராக இல்லையே என்று கேட்டதில்லை.